முதல் பைத்தான் நிரல்: எழுதுங்கள், ஓட்டுங்கள், பிறகு உடைத்துப் பாருங்கள்

கேள்வி இது: "நிரலாக்கத்தில் எனக்கு அரிச்சுவடிகூடத் தெரியாது. புதிதாகத் தொடங்குபவர்களுக்குப் பைத்தான்தான் எளிது என்கிறார்கள். முதல் நிரலை எங்கே எழுதுவது, எப்படி ஓட்டுவது? திரையில் 'வணக்கம்' வரவைக்கும் அந்த ஒரு வரியில் கற்றுக்கொள்ள அப்படி என்ன இருக்கிறது?"

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அந்த ஒரு வரியை எழுதி ஓட்டுவதற்குள் ஐந்தாறு காரியங்கள் நடந்தாக வேண்டும். மொழியைக் கணினியில் நிறுவ வேண்டும், நிரலைத் தட்ட ஓர் இடம் வேண்டும், அதைச் சரியான பெயரில் சேமிக்க வேண்டும், ஓட்டச் சொல்ல வேண்டும், விடை எந்தச் சன்னலில் வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். 1978இல் சி என்ற நிரல்மொழிக்குப் பாடநூல் எழுதிய பிரையன் கெர்னிகனும் டெனிஸ் ரிச்சியும் முதல் பயிற்சியாக ஒரு வாழ்த்தை அச்சிடச் சொன்னது இதற்காகத்தான். மேலே சொன்ன தடைகளையெல்லாம் ஒரே தாண்டலில் தாண்டிவிட்டால் மற்றவை ஒப்பீட்டளவில் சுலபம் என்பது அவர்கள் கணக்கு. எனக்கு அதோடு இன்னொன்றும் உண்டு. வரி ஓடியதும் மூடி வைத்துவிடாமல், அதை நீங்களே பலவிதமாகக் கெடுத்துப் பார்க்க வேண்டும். கணினி எப்படி முறையிடுகிறது என்பதை முதல் நாளே வாசிக்கப் பழகியவர் பாதியில் விட்டுப்போவதை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன்.

ஒரு குறிப்பு. பைத்தானின் சொற்கள் ஆங்கிலத்தில்தான் உள்ளன. இங்கே அவற்றை ஒலிப்படி தமிழில் எழுதி, எழுத்துக்கூட்டலைப் பக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள். மேற்கோள் குறிக்குள் இருப்பதையும் நாமாக வைக்கும் பெயர்களையும் தமிழிலேயே தட்டலாம். அது எப்படி முடிகிறது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பைத்தானை உருவாக்கியவர் நெதர்லாந்துக்காரரான கைடோ வான் ராசம். 1989 டிசம்பர் விடுமுறையில் தொடங்கி 1991 பிப்ரவரியில் வெளியிட்டார். அதற்கு முன் அவர் ஆம்ஸ்டர்டாமில் ஏபிசி என்ற மொழியில் வேலை பார்த்தவர். நிரலாக்கத்தைத் தொழிலாகக் கொள்ளாதவர்களும் எழுதிப் பழகட்டும் என்று வடிவமைக்கப்பட்ட மொழி அது. பைத்தானின் வரிகள் வாசிப்பதற்குச் சுத்தமாக இருப்பதற்கும், அடைப்புகளுக்குப் பதிலாக வரியை உள்ளே தள்ளி எழுதும் வழக்கத்துக்கும் வேர் அங்கே இருக்கிறது. முழுக்கத் தமிழ்ச் சொற்களிலேயே நிரல் எழுத ஆசை உள்ளவர்களுக்கு முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் என்ற மொழி உண்டு. அதில் அச்சிடும் கட்டளையே 'பதிப்பி' என்றுதான் இருக்கும். அந்த எழிலும் பைத்தானின் மேல் கட்டப்பட்டதுதான்.

நிறுவுவதில் நீட்டிச் சொல்ல அதிகமில்லை. பைத்தானின் அதிகாரப்பூர்வத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. விண்டோஸில் நிறுவும்போது முதல் திரையின் அடியில் 'பாத்' என்ற சொல்லோடு ஒரு சிறு கட்டம் இருந்தால் அதை டிக் செய்துவிடுங்கள். அதைத் தவறவிட்டால், பிறகு கட்டளைத் திரையில், அதாவது கட்டளைகளைத் தட்டி ஓட்டும் சன்னலில், பைத்தானைக் கூப்பிடும்போது 'அப்படியொன்று இல்லையே' என்று கணினி கைவிரிக்கும். லினக்ஸில் பெரும்பாலும் பைத்தான் ஏற்கெனவே இருக்கும். ஆனால் 3 என்று தொடங்கும் பதிப்பாக இருக்க வேண்டும். பழைய 2ஆம் பதிப்புக்கு 2020 ஜனவரி 1ஆம் தேதியோடு ஆதரவு நின்றுவிட்டது. திரையில் எழுத்தை வரவைக்கும் பிரிண்ட் என்ற கட்டளையை அடைப்புக்குறி இல்லாமல் எழுதியிருக்கும் பாடம் எதைப் பார்த்தாலும் அது அந்தக் காலத்துப் பாடம் என்று தாண்டிப் போய்விடுங்கள். நிறுவவே வழியில்லை என்றால் கூகுள் கோலாப் போன்ற உலாவிவழி ஏற்பாட்டில் இதே வரிகளைத் தட்டலாம். அங்கே ஷிஃப்ட், என்டர் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் ஓடும்.

விண்டோஸிலும் மேக்கிலும் பைத்தானோடு ஐடில் என்ற சிறு மென்பொருள் சேர்ந்தே வரும். தொடக்கத்துக்கு அது போதும். நிரல் எழுதுவதற்கென்றே உள்ள பெரிய பெரிய மென்பொருள்களைப் பலர் சிபாரிசு செய்வார்கள். அவற்றில் பொத்தான்களைப் புரிந்துகொள்வதிலேயே முதல் வாரம் கழிந்துவிடும்.

ஐடிலைத் திறந்ததும் மூன்று கூர்க்குறிகளோடு ஒரு சன்னல் வரும். அதன் பெயர் ஷெல். அதில் ஒரு வரி தட்டி என்டர் அழுத்தினால் அப்போதே பதில் வரும். 7 * 8 என்று தட்டுங்கள், 56 என்று சொல்லும். பேசிப் பார்க்க நல்ல இடம், ஆனால் மூடினால் எல்லாம் போய்விடும். ஆகவே நிரலை எழுதுவதற்கு இன்னொரு சன்னல் வேண்டும். கன்ட்ரோல் (மேக்கில் கமாண்ட்), என் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் வெற்றுச் சன்னல் ஒன்று திறக்கும். நிரலை எழுதுவது இங்கே, விடை வருவது ஷெல்லில். புதியவர்கள் பாதிப் பேர் குழம்புவது இந்த இரண்டு சன்னலிலும்தான். கூர்க்குறிகள் தெரிந்தால் அது ஷெல், தெரியாவிட்டால் அது கோப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெற்றுச் சன்னலில் இதைத் தட்டுங்கள்:

பிரிண்ட்("வணக்கம்")

பிரிண்ட் என்பது பி, ஆர், ஐ, என், டி (print). கன்ட்ரோல் (மேக்கில் கமாண்ட்), எஸ் அழுத்தி 'முதல்' என்ற பெயரில் சேமியுங்கள். பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளியும் பி, ஒய் (.py) என்ற இரண்டு எழுத்துகளும் இருக்க வேண்டும். ஐடில் அதைத் தானே சேர்த்துவிடும். நோட்பேடில் எழுதிச் சேமிப்பவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. விண்டோஸ் கோப்பின் பின்னொட்டை மறைத்துவைப்பதால், உங்கள் கோப்பு உள்ளுக்குள் வெறும் உரைக்கோப்பாகவே இருந்துகொண்டு பார்வைக்குப் பைத்தான் கோப்பு மாதிரி தெரியும். அடுத்து எஃப்5 அழுத்துங்கள். ஷெல்லில் 'ரீஸ்டார்ட்' என்று ஒரு கோடும், அதன் கீழே வணக்கமும் வரும்.

இந்த வரியில் மூன்று துண்டுகள். பிரிண்ட் என்பது ஒரு செயற்கூறு, அதாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு வேலையைச் செய்துவிட்டு வரும் ஆள். அடைப்புக்குறிதான் கூப்பிடும் குரல். வெறும் பிரிண்ட் என்று பெயரை மட்டும் எழுதினால் யாரும் வரமாட்டார்கள். உள்ளே இருப்பது அவர் கையில் கொடுக்கும் பொருள். அந்தப் பொருளைச் சுற்றியிருக்கும் மேற்கோள் குறிகள் 'இது கட்டளை இல்லை, எழுத்து. அப்படியே வைத்துக்கொள்' என்று சொல்கின்றன. இப்படி மேற்கோளுக்குள் இருப்பதைச் சரம் என்பார்கள்.

இனி உடைக்கலாம். ஒவ்வொன்றாகச் செய்து எஃப்5 அழுத்துங்கள், திரையில் வருவதை நின்று வாசியுங்கள்.

முதலில் பிரிண்ட்டின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்குங்கள். ஷெல்லில் சிவப்பாக நாலைந்து வரி வரும். கடைசி வரியை முதலில் படியுங்கள். பைத்தானின் பிழைச் செய்தியை எப்போதும் கீழிருந்து மேலாகத்தான் படிக்க வேண்டும். 'நேம் எரர்' என்று தொடங்கி, இந்தப் பெயர் எனக்குத் தெரியாது என்று சொல்லும். புதிய பதிப்புகள் சிறிய எழுத்தில் பிரிண்ட் என்று எழுதிக் காட்டி, இதைச் சொல்ல வந்தீர்களா என்றுகூடக் கேட்கும். அதற்கு மேலே எத்தனையாவது வரி என்ற எண் இருக்கும். பெயர் பிழை, வரி எண்: வேண்டியது இரண்டுதான், இரண்டையும் அது கொடுத்துவிடுகிறது.

எழுத்தைச் சரிசெய்துவிட்டு, கடைசி அடைப்புக்குறியை நீக்கி ஓட்டுங்கள். இப்போது ஷெல்லுக்கே போகாமல் ஒரு சிறு பெட்டி எழும்பி 'சின்டாக்ஸ் எரர்' என்று சொல்லும். திறந்த அடைப்பு மூடப்படவே இல்லை என்பது அதன் பொருள். அந்த இடமும் கோப்பில் நிறம் மாறித் தெரியும்.

ஒரு பிழை ஷெல்லில் சிவப்பாக வந்தது, இன்னொன்று பெட்டியாக வந்தது. ஏன்? இதற்கு விடை தெரிந்தால் பைத்தான் உள்ளே என்ன செய்கிறது என்பது பாதி விளங்கிவிடும். கோப்பில் மூன்று வரி எழுதுங்கள்:

பிரிண்ட்("ஒன்று")
பிரிண்ட்("இரண்டு")
பிரிண்ட்("மூன்று"

மூன்றாவது வரியில் மூடும் அடைப்பு இல்லை. ஓட்டினால் 'ஒன்று' கூட வராது. பிறகு அடைப்பை மூடிவிட்டு, அதே மூன்றாவது வரியில் பிரிண்ட்டில் உள்ள ஆர் எழுத்தை எடுத்துவிடுங்கள். இப்போது ஒன்று வரும், இரண்டு வரும், அதற்குப் பிறகுதான் சிவப்பு வரும். பைத்தான் முதலில் கோப்பு முழுவதையும் வாசித்து, இலக்கணம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, தனக்குப் புரிகிற இடைநிலைக் குறியீடாக மாற்றிக்கொள்கிறது. அந்த வாசிப்பில் தடுக்கினால் ஒரு வரியையும் ஓட்டாது. இலக்கணம் சரியென்றால் மேலிருந்து ஒவ்வொரு வரியாகச் செய்துகொண்டே போகும். பெயர் தெரியாத ஆளைக் கூப்பிட்டிருக்கிறோம் என்பது அந்த வரிக்கு வந்து கூப்பிடும்போதுதான் அதற்குத் தெரியும். 'ஒன்றுமே வரவில்லை' என்றால் இலக்கணப் பிழை, 'பாதி வந்து நின்றது' என்றால் ஓடும்போது வந்த பிழை. வருடக்கணக்கில் எழுதுபவர்களும் இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் எங்கே தேடுவது என்று முடிவு செய்கிறார்கள்.

இன்னொரு பிழையை என் அக்கா மகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வரி அச்சாகச் சரியாக இருக்கிறது, அடைப்பு இருக்கிறது, எழுத்துக்கூட்டல் சரி. ஆனாலும் ஓடவில்லை. மூன்று முறை அழித்துத் திரும்ப ஒட்டிப் பார்த்தாள். செய்தியோ 'செல்லாத எழுத்து' என்று சொல்லி, யு+201சி என்ற எண்ணையும் காட்டிக்கொண்டிருந்தது. அவள் அந்த வரியைக் கடிதம் எழுதும் மென்பொருள் ஒன்றிலிருந்து வெட்டி ஒட்டியிருந்தாள். அது நேரான மேற்கோள் குறியை அழகுக்காக வளைத்துவிட்டிருந்தது. பைத்தானுக்கு நேரான குறி மட்டுமே மேற்கோள், வளைந்தது வேறு எழுத்து. திரையை உற்றுப் பார்த்து 'இது சாய்ந்திருக்கு' என்று அவளே கண்டுபிடித்தாள். அன்றிலிருந்து அவள் எதையும் ஒட்டுவதில்லை, கையால்தான் தட்டுகிறாள். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். இப்போது செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் முழு நிரலையும் எழுதித் தந்துவிடும்தான். ஆனால் முதல் மாதம் ஒவ்வொரு காற்புள்ளியையும் உங்கள் விரலே தட்டட்டும். எது எங்கே வரவேண்டும் என்பது கைக்குப் பழகுவது அப்படித்தான்.

அடுத்த நிரல் உங்களிடம் கேள்வி கேட்கட்டும்:

பெயர் = இன்புட்("உங்கள் பெயர் என்ன? ")
பிரிண்ட்("வணக்கம்", பெயர்)

இன்புட் என்பது ஐ, என், பி, யு, டி. இடப்பக்கம் உள்ள 'பெயர்' என்பதைத் தமிழிலேயே தட்டுங்கள். ஓடும். பைத்தான் 3 தன் கோப்புகளை யூனிகோடாகத்தான், அதாவது எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையில்தான், வாசிக்கிறது. நாம் சூட்டும் பெயர்கள் எந்த மொழி எழுத்திலும் இருக்கலாம் என்று அந்தப் பதிப்பிலேயே அனுமதித்துவிட்டார்கள். நடுவில் இடைவெளி மட்டும் கூடாது, 'பிறந்த_ஆண்டு' என்று அடிக்கோட்டால் இணைக்க வேண்டும். பலரோடு சேர்ந்து வேலை செய்யும் இடங்களில் ஆங்கிலப் பெயர்களையே வைப்பார்கள், அது வேறு. ஆனால் கற்றுக்கொள்ளும் நாளில், எது பைத்தானின் சொல், எது நான் வைத்த பெயர் என்று கண்ணுக்கே பிரிந்து தெரிவது எவ்வளவு பெரிய உதவி! ஆங்கிலப் பாடங்களில் இந்தக் குழப்பத்திலேயே தடுமாறியவர்கள், பெயர்களைத் தமிழில் மாற்றிக் காட்டியதும் 'ஓ, இவ்வளவுதானா' என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். விசைப்பலகையை மாற்றி மாற்றித் தட்டுவது முதலில் எரிச்சலாக இருக்கும். இரண்டு நாளில் பழகிவிடும். பழைய கட்டளைத் திரைகளில் தமிழ் வெறும் கட்டங்களாகத் தெரிந்தால் பதற வேண்டாம், அது எழுத்துருவின் குறை. நிரல் சரியாகவே ஓடுகிறது.

'பெயர்' போன்றதை மாறி என்பார்கள். நடுவிலுள்ள சமக்குறியைக் கணக்கில் வருவதுபோல் 'சமம்' என்று வாசிக்காதீர்கள். வலப்பக்கம் கிடைப்பதை இடப்பக்கத்துப் பெயரில் வை என்று வாசியுங்கள்.

இப்போது வயதைக் கேட்டு ஒன்றைக் கூட்டிச் சொல்லவைக்கலாம்:

வயது = இன்புட்("உங்கள் வயது? ")
பிரிண்ட்("அடுத்த ஆண்டு", வயது + 1)

25 என்று தட்டினால் 26 வரவேண்டும். வராது. 'டைப் எரர்' வரும். இன்புட் எதை வாங்கினாலும் சரமாகத்தான் வாங்கும். நீங்கள் தட்டிய 25 அதற்கு எண்ணாகத் தெரியாது, பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு எழுத்துகளாகத்தான் தெரியும். சரத்தோடு எண்ணைக் கூட்டச் சொன்னால் எப்படி என்று கேட்கிறது. ஷெல்லில் "5" + "5" என்று மேற்கோளோடு தட்டிப் பாருங்கள், 55 என்று ஒட்டிவைத்துத் தரும். ஆக, எண்ணாக மாற்றிக் கொடுக்க வேண்டியது நம் வேலை:

வயது = இன்ட்(இன்புட்("உங்கள் வயது? "))

இன்ட் என்பது ஐ, என், டி (int). முழு எண்ணாக மாற்றும் செயற்கூறு. உள்ளே இருக்கும் இன்புட் முதலில் வேலையை முடித்து, கிடைத்ததை வெளியே இருக்கும் இன்ட்டிடம் கொடுக்கிறது. மூடும் அடைப்புகள் இரண்டு வரவேண்டும், எண்ணிப் பாருங்கள். இந்த நிரல் வயது கேட்கும்போது 'இருபது' என்று எழுத்தால் தட்டினால் 'வேல்யூ எரர்' வரும். வகை சரி, மதிப்பு ஒத்துவரவில்லை என்கிறது. ஆனால் ௨௫ என்று தமிழ் இலக்கங்களில் தட்டுங்கள். 26 என்று பதில் வரும்! யூனிகோடில் எண்ணிலக்கம் என்று குறிக்கப்பட்ட எல்லா மொழி இலக்கங்களையும் இன்ட் ஏற்றுக்கொள்ளும், தமிழின் ௦ முதல் ௯ வரையும் அதில் அடக்கம். பழைய முறையில் பத்தின் குறியைச் சேர்த்து ௨௰௫ என்று தட்டினால் மட்டும் மறுக்கும், ௰ என்பது இடமதிப்பில் வரும் இலக்கம் அல்ல என்பதால். நிரலின் வரிக்குள்ளேயே ௫ + 1 என்று எழுதவும் முடியாது, அங்கே 0 முதல் 9 வரைதான். இதை முதன்முதலில் தட்டி 26 வந்தபோது எனக்கு உண்டான சந்தோஷம் இன்னும் மறக்கவில்லை.

கணினியின் உண்மையான பலம் சலிக்காமல் திரும்பத் திரும்பச் செய்வது. அதற்கு வாய்ப்பாடு:

எண் = இன்ட்(இன்புட்("எந்த வாய்ப்பாடு? "))
ஃபார் வரிசை இன் ரேஞ்ச்(1, 11):
    பிரிண்ட்(வரிசை, "×", எண், "=", வரிசை * எண்)

ஃபார் என்பது எஃப், ஓ, ஆர். இன் என்பது ஐ, என். ரேஞ்ச் என்பது ஆர், ஏ, என், ஜி, இ. இரண்டாவது வரியின் முடிவில் முக்காற்புள்ளி இருப்பதைக் கவனியுங்கள். மூன்றாவது வரி நான்கு இடைவெளி உள்ளே தள்ளியிருக்கிறது. ஃபார் வரி இப்படித் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் சுற்றை மடக்கு என்பார்கள். அந்த உள்தள்ளல்தான் 'இது மடக்குக்குள் இருக்கிற வேலை' என்று பைத்தானுக்குச் சொல்கிறது. அதை நீக்கி ஓட்டினால் 'இன்டென்டேஷன் எரர்' வரும். முக்காற்புள்ளிக்குப் பின் என்டர் தட்டினால் ஐடில் தானே உள்ளே தள்ளிக்கொடுக்கும், நீங்கள் எண்ண வேண்டியதில்லை.

ரேஞ்ச்(1, 11) என்று எழுதியும் 10 வரைதான் வருகிறது என்று எல்லாரும் ஒருமுறையாவது விழிப்பார்கள். முடிவெல்லை கணக்கில் சேராது. அதில் ஒரு வசதி இருக்கிறது: 11இலிருந்து 1ஐக் கழித்தால் 10, மடக்கு ஓடும் முறையும் பத்து.

இவ்வளவும் வந்துவிட்டால் ஒரு விளையாட்டே எழுதிவிடலாம். கணினி ஓர் எண்ணை நினைத்துக்கொள்ளும், நீங்கள் ஊகிக்க வேண்டும்:

இம்போர்ட் ரேண்டம்
விடை = ரேண்டம்.ரேண்டின்ட்(1, 100)
முறை = 0
வைல் ட்ரூ:
    ஊகம் = இன்ட்(இன்புட்("உங்கள் ஊகம்: "))
    முறை = முறை + 1
    இஃப் ஊகம் == விடை:
        பிரிண்ட்("சரி! எடுத்துக்கொண்ட முறை:", முறை)
        பிரேக்
    எலிஃப் ஊகம் < விடை:
        பிரிண்ட்("இன்னும் பெரிய எண்")
    எல்ஸ்:
        பிரிண்ட்("இன்னும் சிறிய எண்")

எழுத்துக்கூட்டல்: இம்போர்ட் என்பது ஐ, எம், பி, ஓ, ஆர், டி. ரேண்டம் என்பது ஆர், ஏ, என், டி, ஓ, எம். ரேண்டின்ட் என்பது ஆர், ஏ, என், டி, ஐ, என், டி (randint). வைல் என்பது டபிள்யூ, ஹெச், ஐ, எல், இ. ட்ரூ என்பது டி, ஆர், யு, இ, அதில் முதல் எழுத்து மட்டும் பெரியது. இஃப் என்பது ஐ, எஃப். பிரேக் என்பது பி, ஆர், இ, ஏ, கே. எலிஃப் என்பது இ, எல், ஐ, எஃப். எல்ஸ் என்பது இ, எல், எஸ், இ.

முதல் வரி, பைத்தானோடு வரும் ரேண்டம் என்ற கருவிப்பெட்டியைத் திறக்கிறது. அடுத்த வரி 1 முதல் 100 வரை, இரண்டு எல்லையும் சேர்த்து, ஏதோ ஓர் எண்ணை எடுத்து 'விடை'யில் ஒளித்துவைக்கிறது. 'வைல் ட்ரூ' என்றால் நிறுத்தச் சொல்லும்வரை சுற்று என்று அர்த்தம். 'பிரேக்' வரும்போதுதான் சுற்று நிற்கும். 'இஃப்' என்றால் இப்படி இருந்தால், 'எலிஃப்' என்றால் அப்படி இல்லாமல் இப்படி இருந்தால், 'எல்ஸ்' என்றால் இரண்டும் இல்லையென்றால். 'முறை = முறை + 1' என்ற வரியைக் கணக்காசிரியர் பார்த்தால் திடுக்கிடுவார். ஆனால் வலப்பக்கத்தை முதலில் செய், கிடைத்ததை இடப்பக்கத்தில் வை என்று வாசித்தால் அதில் ஒரு சிக்கலும் இல்லை. ஒற்றைச் சமக்குறி வைப்பதற்கு, இரட்டைச் சமக்குறி ஒப்பிடுவதற்கு. 'இஃப்' வரியில் ஒற்றையாகப் போட்டால் புதிய பதிப்புகள், இரட்டையா வேண்டும் என்று கேட்டே நிற்கும். எங்காவது தவறி நிரல் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் கன்ட்ரோல், சி அழுத்துங்கள்.

இந்த நிரலைச் சேமிக்கும்போது ஒரு குழி இருக்கிறது, நல்ல நல்ல ஆட்களையும் அரைநாள் அலையவிட்டது. கோப்புக்கு 'ரேண்டம்' என்றே ஆங்கிலத்தில் பெயர் வைத்துவிடுவார்கள். முதல் வரியில் ரேண்டத்தைக் கேட்டதும் பைத்தான் பக்கத்திலேயே அந்தப் பெயரில் ஒரு கோப்பைப் பார்த்து, உங்கள் நிரலையே கருவிப்பெட்டி என்று எடுத்துக்கொள்ளும். பிறகு ரேண்டின்ட் அதில் எங்கே என்று தேடி, இல்லை என்று சொல்லும். செய்தியில் உங்கள் வரியில் எந்தப் பிழையும் தெரியாது, அதுதான் கொடுமை. கருவிப்பெட்டியின் பெயரைக் கோப்புக்கு வைக்காதீர்கள். 'ஊகம்' என்று வையுங்கள்.

விளையாடும்போது 50இல் தொடங்கி, மிஞ்சியதை ஒவ்வொரு தடவையும் பாதியாக வெட்டிக்கொண்டே போங்கள். அதிகபட்சம் ஏழு முறையில் பிடித்துவிடலாம். ஏழு முறை இரட்டித்தால் 128, அது 100ஐ விடப் பெரியது, அவ்வளவுதான் காரணம். பெரிய பட்டியலில் கணினி ஒரு பெயரை நொடியில் தேடி எடுப்பதற்குப் பின்னாலும் இதே பாதி வெட்டும் யோசனை உண்டு. எல்லையை 1000 ஆக்கினால் எத்தனை முறை ஆகும் என்று முதலில் தாளில் கணக்கிட்டு, பிறகு ஓட்டிச் சரிபாருங்கள்.

கடைசியாக, தமிழ் வாசகர் ஒவ்வொருவரும் முதல் வாரத்திலேயே செய்து பார்க்க வேண்டிய ஒரு சோதனை. எந்தப் பாடத்திலும் இதை முன்கூட்டியே சொல்வதில்லை. ஷெல்லில் தட்டுங்கள்:

லென்("தமிழ்")

லென் என்பது எல், இ, என். நீளத்தைச் சொல்லும். 'தமிழ்' என்பதில் மூன்று எழுத்து என்று குழந்தைகூடச் சொல்லும். பைத்தான் 5 என்று சொல்லும். யாரும் தப்புச் செய்யவில்லை. யூனிகோடில் நம் உயிர்மெய்கள் துண்டுகளாகத்தான் வைக்கப்பட்டிருக்கின்றன. த ஒன்று. மி என்பது ம, இகரக் குறி என்று இரண்டு. ழ் என்பது ழ, புள்ளி என்று இரண்டு. ஆக ஐந்து. 'அம்மா'வைக் கேட்டாலும் 5தான் வரும், எண்ணிப் பாருங்கள்.

இதே சரத்தைத் திருப்பிப் போடச் சொல்வோம்:

பிரிண்ட்("தமிழ்"[::-1])

சதுர அடைப்புக்குள் இருப்பது 'கடைசியிலிருந்து முதலுக்கு' என்று சொல்கிறது. எழுத்தெழுத்தாகத் திருப்பினால் 'ழ்மித' என்று வரவேண்டும். வருவதோ, ஒட்டிக்கொள்ள எழுத்தில்லாமல் முன்னால் தனித்து நிற்கும் ஒரு புள்ளியும், அதன் பின் 'ழிமத' என்பதும். துண்டுகளை அது அப்படியே பின்னிருந்து எடுத்ததால் மகரத்தின் இகரக் குறி ழகரத்துக்குப் போய்விட்டது. பெயரை அகரவரிசைப்படுத்த, எழுத்துகளை எண்ண, சொல்விளையாட்டு எழுத என்று தமிழை வைத்து எதைச் செய்யப் போனாலும் இந்த இடத்தில் வந்து முட்டுவீர்கள். இதற்கென்றே ஓபன்-தமிழ் என்ற இலவச நூலகம், அதாவது ரேண்டம் போன்ற ஒரு கருவிப்பெட்டி, பைத்தானுக்கு இருக்கிறது. சரத்தைக் கொடுத்தால் த, மி, ழ் என்று மூன்றாகப் பிரித்துக் கொடுக்கும். அதை நிறுவிப் பயன்படுத்துவதற்கு முன்னால் நீங்களே ஒரு மடக்கு எழுதிப் பாருங்கள். சரத்தின் ஒவ்வொரு துண்டாக எடுத்து, அது உயிர்மெய்க் குறியோ புள்ளியோ என்றால் முந்தைய எழுத்தோடு ஒட்ட வேண்டும், இல்லையென்றால் புது எழுத்தாகத் தொடங்க வேண்டும். மேலே பார்த்த ஃபார், இஃப், எல்ஸ் மூன்றும் அதற்குப் போதும்.